தளபதி மாளிகைக்குத் தெற்கே

“இந்தப் பத்திரக் கட்டுல உங்க தளபதி இல்லைன்னா என்ன பண்றது மாப்ள? பேர்ப்பலகையைத் திருப்பிப் போட்டு வெங்காயம் நறுக்கலாமா?”

“மச்சான், ஏணியை மட்டும் ஆட்டாம பிடிங்க!”

வாழ்க, பத்திர அலுவலகத்துப் பழைய ஏணியின் உச்சிப்படியில், சிவப்பேறிய மூக்கே செங்கொடியாக நின்ற கோமகன்! வாழ்க, கீழே நின்று கொட்டாவி விட்டபடி ஏணி காத்த அவன் மனைவியின் அண்ணன்!

போரின் காரணத்தைக் கேளுங்கள். கோமகனின் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள், கரையான் தின்று மிஞ்சிய முப்பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் மேற்பாதி ஒன்று தொங்கியது. ‘வடக்கே தளபதி மாளிகை, கிழக்கே தளபதி தோட்டம், தெற்கே தளபதி குளம், மேற்கே தளபதி குதிரைலாயம்’ என்ற அதன் வரிகளைப் பால்பல் விழுமுன்பே மனப்பாடம் செய்தவன் அவன். அத்தனை திசையையும் ஆண்ட குலத்தின் ஒரே வாரிசு, புதுவீட்டு வாசலுக்குத் ‘தளபதி இல்லம்’ என்று தச்சரிடம் தேக்குப்பலகை செய்யச் சொன்னதில் வியப்பென்ன? மனைவி வீட்டார் மொத்தப்பேரும் நாளை வருகிறார்கள். அவர்கள் கேலிச் சிரிப்பை அடக்க, கரையான் தீண்டாத அலுவலகப் பிரதி வேண்டும்.

எனவே கை நீண்டது. கட்டு அசைந்தது. உடனே, தலைமுறை தலைமுறையாய் உறங்கிய தூசிப்படை மதயானைக் கூட்டமெனப் பிளிறி எழுந்து அவன் கண்ணை மறைத்து மூக்கை முற்றுகையிட, இடிமுழக்கமாய்த் தும்மியும் பிடிதளராத அவ்வீரன், செத்தாலும் அவிழேன் என்று சபதமேற்ற நாடாமுடிச்சைப் பல்லால் கடித்துக் கிழித்தெறிந்து, வெற்றித்தாளை உயர்த்தினான்!

“கேளுங்க மச்சான்! வடக்கே தளபதி மாளிகை! கிழக்கே தளபதி தோட்டம்! தெற்கே தளபதி குளம்! மேற்கே தளபதி குதிரைலாயம்! இந்த நான்கெல்லைக்கு... உட்பட்ட...”

சங்கநாதம் சட்டென்று தேய்ந்தது.

“எல்லைன்னா, நாலும் பக்கத்து வீட்டுக்காரன் சொத்தா? அப்ப நடுவுல உங்களுக்கு என்ன மாப்ள?”

“...கழுதைக் கொட்டில் ஒண்ணு.”

ஏணி குலுங்கியது. மச்சானின் சிரிப்பில்தான்.

கோமகன் படிப்படியாக இறங்கினான், மூக்கைத் துடைத்தான், தச்சருக்குப் போன் போட்டான்.

“அண்ணே, பலகைல ‘தளபதி’ செதுக்கிட்டீங்களா? இல்லைன்னா, வெறும் ‘இல்லம்’னு மட்டும் போட்டுத் தர முடியுமா?”