சுழி மாமாவும் காமாட்சி என்ற குதிரையும்

கல்கத்தாவில் குதிரையைப் பற்றிப் பொய் சொல்லாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் சுழி மாமா. மற்ற எல்லோரும் சொன்னார்கள். விற்றவன் சொன்னான், வாங்கினவன் சொன்னான், ஏறி ஓட்டினவன் சொன்னான். தோற்றுப்போனவன் வீட்டுக்குப் போய் எல்லோரையும்விடப் பெரிதாகச் சொன்னான். பந்தய மைதானத்தைச் சுற்றி ஒரு குளிர்காலத்தில் புழங்கிய பொய்யை மூட்டை கட்டினால் கித்தர்பூர் துறைமுகத்தில் ஒரு கப்பல் போதாது.

தலைநகரம் டில்லிக்குப் போகாத காலம் அது. நான் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் பிழை திருத்துகிறவனாகச் சேர்ந்து, பவானிப்பூரில் ஒரு வீட்டின் கீழறையில் குடியிருந்தேன். மாடியில் சுழி மாமா, மாமி, அவர்களுடைய ஒரே பெண் கமலம். மாமா ஒரு சணல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. அவருடைய உண்மைப் பெயர் எனக்குக் கடைசி வரை தெரியாது. மாமி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. மற்றவர்கள் மறந்துவிட்டார்கள்.

குதிரையின் உடம்பில் மயிர் சில இடங்களில் ஆற்றுச் சுழல் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். அதுதான் சுழி. எந்த இடத்துச் சுழிக்கு என்ன பலன் என்று பழைய சாஸ்திரம் உண்டு. மாமாவின் தகப்பனார் தஞ்சாவூர்ப் பக்கத்து ஜமீனுக்குக் குதிரை வாங்கிக் கொடுத்தவர். அவர் எழுதி வைத்த நோட்டு முழுவதும் மாமாவுக்கு மனப்பாடம்.

நவம்பரில் பந்தயப் பருவம் தொடங்கும். புதிதாக வந்த இளங்குதிரைகளை முதலில் குறைந்த தூரம், பிறகு கொஞ்சம் அதிகம், பிறகு இன்னும் அதிகம் என்று முன்னோட்டப் பந்தயங்களில் ஓட்டிப் பார்ப்பார்கள். தாக்குப் பிடித்தவை கிறிஸ்துமஸ் வாரத்துப் பெரிய கோப்பைக்குப் போகும். மாமா இந்த இளங்குதிரைகளை ஒன்று விடாமல் பின்தொடர்வார். விடியற்காலைப் பனியில் கம்பளிக் குல்லாயோடு மைதானத்து வேலியோரம் நிற்பார். பாலிகஞ்ச் லாயங்களுக்குப் போய்க் குதிரைக்காரர்களுக்கு வெற்றிலை கொடுத்துச் சுழி எண்ணுவார். இது ஜெயிக்கும், இது கால் ஒடியும், இது எஜமானைத் தள்ளும் என்று தீர்ப்புச் சொல்வார். பிறகு ஒவ்வொரு பந்தயமாகப் போய்த் தீர்ப்பு பலிக்கிறதா என்று பார்ப்பார். பத்து மணிக்கு ஆபீஸில் இருப்பார்.

ஒரு தம்பிடி பந்தயம் கட்டியதில்லை. இதைத்தான் யாரும் நம்பவில்லை.

ஒரு தடவை அவருடைய கம்பெனிப் பெரிய துரை புதுக் குதிரை வாங்கி வந்து ஆபீஸ் வாசலில் எல்லோருக்கும் காட்டினார். குமாஸ்தாக்கள் வரிசையாக நின்று பிரமாதம் என்றார்கள். மாமா குதிரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் துரையின் முன்னால் கைகட்டி நின்று, "துரை, இது உங்களைத் தள்ளும். துரைசாணியம்மா அழுவார்" என்று இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னார். வராந்தாவில் பங்கா விசிறி இழுக்கிறவன் கயிற்றை விட்டுவிட்டானாம். பத்தாம் நாள் துரை கீழே விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். மாமாவுக்கு வரவேண்டிய உத்தியோக உயர்வு மூன்று வருடம் நின்றுபோயிற்று. சொன்னதற்கு ஒரு வருடம், பலித்ததற்கு இரண்டு வருடம் என்று நான் கணக்கிட்டேன்.

துரை விழுந்த அன்று மாலை நான் மாடிக்குப் போனபோது மாமா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏன் மாமா, நீங்க சொன்னது அப்படியே பலிச்சுடுத்தே."

"பலிச்சுடுத்து. அதான் ஓய் கஷ்டம்."

துரைமேல் இரக்கம் என்று நினைத்தேன். சொன்னது பலித்தால் எந்த ஜோசியனும் மீசையைத் தடவிக்கொள்வான். இவர் முகம் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஏன் தொங்கிப் போகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அடுத்த பருவத்தில் காமாட்சி வந்தாள்.

முதலில் அவள் என் மேஜைக்குத்தான் வந்தாள், மூன்று வரிச் செய்தியாக. சென்னையிலிருந்து ரயிலில் வந்த மூன்று வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று, கல்கத்தாவுக்குச் சற்று முன்னால் உள்ள சாந்த்ராகாச்சி யார்டில் தண்ணீர் காட்டுவதற்காக நிறுத்தியபோது, அங்கிருந்த ரயில்வே அதிகாரி ஒருவரின் தொப்பியைத் தின்றுவிட்டது. தொப்பிக்காரர் பெயர் வரவில்லை. குதிரைக்கு முழ நீளத்தில் ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. நம் பக்கத்திலிருந்து வந்தவள் என்பதால் மாமா காமாட்சி என்று வைத்துவிட்டார்.

லாயத்தில் அவளைப் பார்த்துவிட்டு வந்த மாமாவின் முகத்தில் ரத்தமில்லை.

"ரெண்டு கண்ணுக்கும் கீழே ஓய். கண்ணீர்ச் சுழி. ஒண்ணு இருந்தாலே வெச்சிண்டிருக்கறவா ஆத்துல அழுகைச் சத்தம் கேக்கும். இவளுக்கு ரெண்டு."

"ஓடுவாளா?"

"ஜெயிக்கிறது கிடக்கட்டும். முழுசா ஓடி முடிக்க மாட்டா."

முதல் முன்னோட்டத்தில் காமாட்சி ஒரு கழுத்து நீளத்தில் ஜெயித்தாள். "மண்ணு ஈரம்" என்றார் மாமா. வேலிக்குள் குடையை நீட்டி மண்ணைக் குத்திப் பார்த்தார்.

இரண்டாவது பந்தயம் கொஞ்சம் நீளம். அதில் ஒரு முழுக் குதிரை நீளம் முன்னால் வந்தாள்.

"இதுவும் ஈரமா மாமா?"

"இல்லை ஓய். காய்ஞ்சு கிடக்கு."

மறுநாள் காலை காளிகாட் கோயிலில் அவரை ஈர வேஷ்டியோடு பிரதட்சிணம் செய்யக் கண்டேன். காமாட்சி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார் என்று முடிவு செய்தேன். சாஸ்திரத்தை ஒரு குதிரை அவமதித்தால் மனிதர் வேறு என்ன செய்வார்? நான் பார்த்ததைச் சரியாகப் பார்க்கிறவன் என்று பத்திரிகையில் பெயர் வாங்கியவன். அந்த வருடம் பார்த்தது எல்லாவற்றையும் தலைகீழாகப் புரிந்துகொண்டேன்.

இதற்கு நடுவில் கமலத்துக்குச் சாந்த்ராகாச்சியிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் வங்கியில் வேலை. தகப்பனார் ரயில்வே யார்டு மாஸ்டர். கமலத்துக்குப் பதினெட்டு வயது. அந்த நாளில் ஊர் வாய்க்கு அது போதும். முன்பு வந்த மூன்று இடங்களும் ஒரே காரணத்தால் கலைந்திருந்தன. பெண்ணின் அப்பா ரேஸ் பைத்தியம்.

கார்த்திகைக் கடைசிச் சனிக்கிழமை நாலு மணிக்குப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அன்றே இரண்டரை மணிக்குக் காமாட்சியின் மூன்றாவது முன்னோட்டம். மாமி என்னைக் கூப்பிட்டாள்.

"போகாதேங்கோன்னா கேக்கமாட்டார். நீங்க கூடப் போங்கோ. மூணரைக்கு இங்கே இருக்கணும். வந்தவா காதுல ரேஸுங்கற வார்த்தை விழப்படாது. இது நாலாவது இடம். இதுவும் போச்சுன்னா நான் கங்கையில விழ வேண்டியதுதான்."

"சும்மா சொல்லாதீங்கோ மாமி."

"விழறதுக்கு முன்னாடி உங்க மாமாவைத் தள்ளிட்டுத்தான் விழுவேன்."

காமாட்சி இரண்டு குதிரை நீளத்தில் ஜெயித்தாள். மாமா ஆபீஸ் கோட்டோடு புல்லில் உட்கார்ந்துவிட்டார். தூக்கி நிறுத்தி டிராமில் ஏற்றினேன். வீடு போய்ச் சேர்ந்தபோது நாலு அடித்து ஐந்து நிமிடம்.

யார்டு மாஸ்டர் புத்தம் புதிய தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கனத்த சரீரமும் கனத்த மௌனமும் உள்ள அம்மாள். கமலம் நமஸ்காரம் செய்தாள். அந்த அம்மாள் பூ வைக்கிற சாக்கில் அவள் தலையைக் கையால் விலக்கிப் பார்த்தாள். பிறகு பூவைத் தாம்பாளத்தில் திருப்பி வைத்தாள்.

"உச்சியில இரட்டைச் சுழின்னா இருக்கு. ரெண்டு தாலின்னு சொல்லுவா. என் பிள்ளை தீர்க்காயுசா இருக்கணும்."

எல்லோர் கண்ணும் மாமாவிடம் போயிற்று. சுழி விஷயத்தில் அந்த ஊரில் அவருக்கு மேல் அப்பீல் கிடையாது. நான் மனத்துக்குள், 'மாமா, ஒரே ஒரு தடவை பொய் சொல்லும்' என்றேன்.

"இருக்கு மாமி" என்றார் மாமா. "இவ பொறந்த அன்னிக்கே பாத்துட்டேன்."

எங்கள் மாமி தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

"ஆனா அந்த சாஸ்திரம் நிஜமா பொய்யான்னு எனக்குத் தெரியணும். மனுஷாளை வெச்சுப் பரீட்சை பண்ண முடியுமோ? குதிரைன்னா வருஷா வருஷம் புதுசா வரும். சுழியை எண்ணிப்பேன். ஓடறதைப் பாப்பேன். பதினெட்டு வருஷமா ரேஸுக்குப் போறேன்."

அந்த வார்த்தை கூடத்தின் நடுவில் விழுந்து கிடந்தது. ஐந்து வருடம் ஒரே வீட்டில் இருந்து நான் பார்த்த பைத்தியம் இதுதானா?

"பணம் கட்டுவேளோ?" என்றாள் அந்த அம்மாள்.

"தம்பிடி கட்டினதில்லை."

"என்ன தெரிஞ்சுது?"

"இத்தனை வருஷமும் முக்காலே மூணு வீசம் சரியாத்தான் இருந்தது. ராத்தூக்கம் போச்சு. இந்த வருஷம் காமாட்சின்னு ஒருத்தி வந்தா. ரெண்டு கண்ணீர்ச் சுழி. அதைவிடப் பொல்லாத சுழி கிடையாது. இன்னியோட மூணு பந்தயம் ஜெயிச்சுட்டா."

யார்டு மாஸ்டர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "செம்பழுப்பா? நெத்தியில வெள்ளைத் திலகமா?"

"ஆமாம்."

"சென்னையிலேர்ந்து ரயில்ல வந்ததா?"

"ஆமாம்."

"என் தொப்பியைத் தின்னது அதுதான் ஓய்." புதுத் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அதுவா ஜெயிக்கிறது?"

"நீங்க சும்மா இருங்கோ" என்றாள் அவர் மனைவி. அவள் யோசித்தாள். அவ்வளவு நேரம் ஒருவர் யோசித்து நான் பார்த்ததில்லை. "பெரிய பந்தயம் ஏதோ இருக்காமே, அது எப்போ?"

"கிறிஸ்துமஸ் வாரம்."

"அதுலயும் அவ ஜெயிக்கட்டும். தை மாசம் முகூர்த்தம் வெச்சுக்கலாம்."

சாஸ்திரம் தெரிந்த பெண்மணி, சாஸ்திரத்தைக் குதிரையிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து போனாள்.

கோப்பை நாளன்று நானும் மாமாவும் வேலியோரம் நின்றோம். பதினோரு குதிரைகள். கடைசித் திருப்பத்தில் காமாட்சி முதலில் வந்தாள். மாமா என் தோளைப் பிடித்த இடம் ஒரு வாரம் நீலமாக இருந்தது. பிறகு ஒரு குதிரை அவளைத் தாண்டியது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

காமாட்சி நான்காவதாக வந்தாள்.

மறுநாள் சாந்த்ராகாச்சிக்கு ரயிலில் போனோம். மாமி எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அனுப்பினாள்.

"நாலாவதுன்னு சொல்லிடறேன் ஓய்."

"சொல்லுங்கோ."

"குதிரை விஷயத்துல நான் பொய் சொன்னதில்லை."

"இல்லை."

இரண்டு ஸ்டேஷன் போயிற்று. "நாலாவதுங்கறது ரொம்ப மோசமில்லையே?"

"பதினோரு குதிரை ஓடித்து மாமா."

"அதையும் சேத்துச் சொல்லிடறேன்."

யார்டை ஒட்டிய குவார்ட்டர்ஸ். வராந்தாவில் யார்டு மாஸ்டர் எங்கள் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். பந்தய முடிவுகள் உள்ள பக்கம். அதற்குப் பிழை திருத்தியவன் நான். அவர் மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது. காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நேரே கேட்டாள்.

"என்ன ஆச்சு?"

பக்கத்தில் ஓர் என்ஜின் பெட்டிகளை இடித்துக் கோத்துக்கொண்டிருந்தது. அது ஓயும்வரை மாமா காத்திருந்தார். ஓய்ந்தது.

"ஜெயிச்சுட்டா மாமி."

"எத்தனை தூரத்துல?"

"ரெண்டு குதிரை நீளம்."

நான் காப்பியைப் பார்த்தேன். அந்த அம்மாள் புருஷனைப் பார்த்தாள். "போட்டிருக்கானா?"

யார்டு மாஸ்டர் பத்திரிகையை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். தொப்பிக்குள் வைத்தார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"போட்டிருக்கான். சுத்தமான ஜெயம்னு போட்டிருக்கான்."

தை மாதம் கல்யாணம் நடந்தது. அடுத்த நவம்பரில் விடியற்காலை நான் கம்பளிக் குல்லாயோடு கீழே காத்து நின்றேன். மாமா மாடியிலிருந்தே எட்டிப் பார்த்து, "இனிமே எதுக்கு ஓய்? போய்த் தூங்கும்" என்றார்.

மாமா போய் வருடங்கள் ஆகிவிட்டன. போன வாரம் லேக் மார்க்கெட்டில் கமலத்தின் கணவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. முருங்கைக்காய்க்காரனோடு முழு பலத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் முப்பது வருடத்துக்குமேல் பத்திரிகையில் பிழை திருத்திப் பிழைத்தவன். அந்த வராந்தாவில் கேட்ட ஒரு செய்தியை மட்டும் இதுவரை திருத்தவில்லை.