ஓசியில் அடித்த லாடம்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. ராணிக்கு லாடம் அடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ராணி என் வண்டிக் குதிரை. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் நான் மாட்டு வண்டியில் தங்கச் சுரங்கத்து மைன் பாய்லர்களுக்கு விறகு ஏற்றிக்கொண்டிருந்தவன். பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்டில், பட்டாளத்துக் குதிரைகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எதிர்த்துக் கேட்டவனையெல்லாம் கத்தியே விரட்டிவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

பேரத்தில் என்னை மடக்கின ஆள் எங்கள் ஊர் கோரமண்டலில் இன்னும் பிறக்கவில்லை. மாரிக்குப்பத்தில் ஒருத்தன் இருக்கிறான் என்றார்கள். அவனையும் பார்த்துவிட்டேன்.

லாடத்துக்கு அப்படி என்ன அவசரம்? சொல்கிறேன். மைன் கேப்டன் தொரை ஒருவர் தினமும் நந்திதுர்க் மைனுக்குப் போய்வர வண்டி தேடிக்கொண்டிருந்தார். "சாயங்காலம் சங்கு ஊதினதும் வண்டி வாசலில் நிற்கட்டும். ஓட்டம் பிடித்தால் மாசச் சம்பளத்துக்கு அந்த வண்டிதான்" என்று எனக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

மாசச் சம்பளம்! அப்புறம் ஸ்டேஷன் வாசலில் சவாரிக்காக எவனோடும் சட்டையைப் பிடித்து உருள வேண்டாம். ஆனால் ராணியின் லாடம் தேய்ந்து பாக்குச் சீவல் மாதிரி இருந்தது.

மத்தியானமே வண்டியைக் கட்டிக்கொண்டு சவரிமுத்து வாத்தியார் பட்டறைக்குப் போனேன். ஸ்டேஷன் ரோட்டில் தகரக் கொட்டகை. வாத்தியார் குதிரைப் பட்டாளத்தில் லாடம் அடித்தே தலை வழுக்கையானவர். கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கே அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தாராம். இப்போது மைன் லாயங்களிலிருந்து அவரிடம் ஆள் அனுப்புகிறார்கள். அன்றைக்கு நாலு சீடர்கள் இருந்தார்கள். நாலு பேருக்கும் மீசை நரைக்க ஆரம்பித்திருந்தது. நாலு பேரும் அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வாங்க. இன்னா வேணும்?"

"லாடம்."

"குதிரைக்கா, உனக்கா?"

வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, "குதிரைக்கு" என்றேன். ஒரு விலை சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். யார் எந்த விலை சொன்னாலும் முதலில் சிரித்துவிடுவேன். அது என் வழக்கம்.

"இன்னா வாத்தியாரே, லாடம் இரும்புலயா, தங்கத்துலயா? தங்கம்னா சொல்லு, நானே ஷாப்டுல எறங்கி எடுத்துக்கினு வரேன்."

"நான் அடிச்சா அந்த வெலை. என் ஆளுங்க அடிச்சா பாதி."

"பாதியே ஜாஸ்தி."

"அப்ப பாடத்துக்கு வுடு. உன் குதிரையை வெச்சி இவனுங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன். காசே வேணாம். ஆனா பாடம் முடியற வரிக்கும் அவுக்கக் கூடாது. சம்மதமா?"

புத்தியுள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். எனக்குச் சூடேறிவிட்டிருந்தது.

"குதிரை என்னுது. பாடம் உன்னுது. பேரும் உனக்கு. எனக்கு இன்னா குடுப்ப?"

வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தத் தொழிலில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"ஒரு கட்டு புல்லு."

"ரெண்டு!"

"சரி, எடுத்துக்கோ."

உடனே கையடித்துக் கொடுத்தேன். லாடமும் ஓசி, மேலே புல்லும் ஓசி! வண்டியை ஓரமாக விட்டுவிட்டு ராணியைக் கொட்டகைக்குள் கொண்டுபோனேன். நடையே மாறிவிட்டது. எனக்குத்தான்.

முதல் காரியமாகப் பழைய லாடங்களை மொத்தமாகப் பிடுங்கிப் போட்டார்கள்.

"யோவ், ஒண்ணைப் புடுங்கினா ஒண்ணை மாட்டுங்கய்யா!"

"மொத்தமா பாத்தாத்தான் பாடம்" என்றார் வாத்தியார். ஒரு காலைத் தூக்கித் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். "பாருங்கடா. வெளிய இருக்கறது நகம். உள்ள இருக்கறது உயிரு. ஆணி நகத்துலயே ஏறி நகத்துலயே வெளிய வரணும். உள்ள போவப் போறதுன்னு எப்டித் தெரியும்?"

"உதைக்கும், வாத்தியாரே" என்றான் குப்பன். அவன் பேத்தமங்களா பக்கம் மாட்டுக்கு லாடம் அடித்துவிட்டுக் குதிரை வேலை கற்றுக்கொள்ள வந்தவன்.

"அதுக்கு மின்னாடியே சுத்தி சத்தம் மாறும்டா! அதைக் கேட்டு நிறுத்தறவன் லாடக்காரன். உதை வாங்கித் தெரிஞ்சிக்கறவன் நோயாளி!"

நல்ல பாடம்தான். நான் காசு கொடுத்திருந்தால் ரசித்திருப்பேன். வெயிலோ சாய்ந்துகொண்டிருந்தது.

"நடையைப் பாக்காம லாடம் கெடையாது. நீ அவளைப் புடிச்சிக்கினு புளியமரம் வரிக்கும் ஓடிட்டு வா" என்றார் என்னிடம்.

ஓடினேன். திரும்பி வந்தேன். இன்னொரு தடவை என்றார். மறுபடி ஓடினேன். வெறுங்காலில் கல் குத்தியது. நாக்கு வெளியே தள்ளியது.

"எந்தக் காலு நொண்டுது, சொல்லுங்கடா."

"எடது காலு, வாத்தியாரே" என்றான் குப்பன்.

"முன்னங்காலா, பின்னங்காலா?"

"அவருக்கு ரெண்டுதானே இருக்குது, வாத்தியாரே!"

"குதிரையைப் பாருடா, முண்டம்!"

மற்ற மூன்று பேரும் துருத்திப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார்கள்.

அப்புறம் இரும்பைக் காய்ச்சி வளைக்கிற பாடம். ஒவ்வொருத்தனும் வளைத்துக் கொண்டுவருவதும், "இது லாடமா, பணியாரமா?" என்று வாத்தியார் தூக்கி எறிவதுமாகப் பொழுது போனது. "லாடம்தான் காலுக்கு அடங்கணும், காலு லாடத்துக்கு அடங்கக் கூடாது" என்று திரும்பத் திரும்ப ஓதினார். முன்னங்கால்களும் ஒரு பின்னங்காலும் முடிவதற்குள் எனக்கு மண்டை வெடித்துவிட்டது.

மாட்டு லாடம் எனக்குத் தெரியாதா? கயிற்றைப் போட்டுச் சாய்ப்பார்கள். கால்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். டக்கு டக்கென்று அடித்து அனுப்பிவிடுவார்கள். இங்கே ஒவ்வொரு காலையும் மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்களே!

"தள்ளுங்கடா! நான் சாய்க்கறேன், நீங்க அடிங்க!" என்று வண்டியிலிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"அண்ணாத்தே சொல்றதும் ஞாயம்தான்" என்றான் குப்பன்.

வாத்தியார் என்னைத் தடுக்கவே இல்லை. சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, "பண்ணு. பசங்க பாக்கட்டும்" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ராணியின் கால்களில் கயிற்றைக் கோத்து, மாட்டை இழுக்கிற மாதிரியே ஒரு இழுப்பு இழுத்தேன். மாடாக இருந்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுப் படுத்துவிடும். ராணி யோசிக்கவில்லை. ஒரு காலைத் தூக்கினாள், ஒரு சுற்றுச் சுற்றினாள். கயிறு என் காலுக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பழுத்த இரும்பை முக்குகிற தண்ணீர்த் தொட்டியில் தலைகுப்புற விழுந்தேன். பாதி உள்ளே, பாதி வெளியே.

"பாத்துக்கினீங்களாடா? மாட்டை இப்டித்தான் சாய்ப்பாங்க" என்றார் வாத்தியார்.

அந்த நேரம் பார்த்து மைனில் சங்கு ஊதியது.

தலையிலிருந்து கரித்தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்தேன்.

"வாத்தியாரே, மிச்சம் ஒரு காலு! நீயே அடிச்சி முடி! முன்ன சொன்ன வெலையைத் தரேன்!"

"பாடம் நடக்குது."

"ஒண்ணரை மடங்கு!"

"பாடம் நடக்குது."

"ரெண்டு மடங்கு! புல்லும் வேணாம்!"

பிறந்ததிலிருந்து நான் விலையை ஏற்றிக் கேட்டது அன்றைக்குத்தான். அவர் அசையவில்லை. "கையடிச்சது யாரு? நானா கூப்பிட்டேன்?" என்றார். "டேய் குப்பா, கடைசிக் காலு உன்னுது. வா."

குப்பன் முதல் ஆணியை வைக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. கேப்டன் தொரை! முகம் மிளகாய்ப் பழம். என்னைத் தேடி நடந்தே வந்திருக்கிறார்.

"இன்னா மேன்? வண்டி எங்கே?"

"இதோ தொரை! ஒரு நிமிசம் தொரை!"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குப்பன் கையிலிருந்த குளம்பைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சீமையில் அவர் அப்பாவுக்கும் இதே தொழிலாம்! அப்புறம் என்ன, குப்பனைத் திட்ட ரெண்டு வாத்தியார்கள்.

குப்பன் ஒரு ஆணியைப் பாதி அடித்தவன் சட்டென்று நிறுத்தினான். காதைச் சாய்த்தான். ஆணியைப் பிடுங்கி, கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி அடித்தான்.

"கேட்டுட்டான்! பாடம் முடிஞ்சிது!" என்று வாத்தியார் கத்தினார். தொரை கை தட்டினார். ராணி நடந்து காட்டினாள். தாளம் தப்பாமல் டக்கு, டக்கு, டக்கு.

"குதிரை நல்லா இருக்குது" என்றார் தொரை.

மீசையிலிருந்த கரித்தண்ணீரைத் துடைத்துக்கொண்டேன்.

"லாடம் ரொம்ப நல்லா இருக்குது."

கும்பிட்டேன்.

"வண்டிக்காரன் வேணாம்." என் காலில் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "குதிரை விக்குது?" என்று கேட்டு, ஒரு விலையும் சொன்னார்.

நான் அழுதிருக்க வேண்டும். காலில் விழுந்து, "மாசச் சம்பளத்துக்கு வெச்சிக்கோங்க தொரை" என்று கெஞ்சியிருக்க வேண்டும். ஆனால் மனுஷன் விலை சொல்லிவிட்டாரே!

விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்புறம் நடந்தது பேரம் இல்லை, யுத்தம். தொரை மூன்றாம் பேச்சிலேயே தெருவில் இறங்கிவிட்டார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். திரும்பி வந்தார். ராணியின் வயசைச் சொல்லி மட்டம் தட்டினார். அவள் வாயைப் பிளந்து பல்லைக் காட்டினேன். அவர் இங்கிலீஷில் கத்தினார். நான் தமிழிலும் தெலுங்கிலும் கத்தினேன். கன்னடத்தை மிச்சம் வைத்திருந்தேன். அதற்குள் பேரத்தில் விழுந்துவிட்டார்! நான் சொன்ன விலை!

தொரை வெறும் முதுகில் ஏறி உட்கார்ந்தார். பட்டாளத்துக் குதிரையல்லவா? திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள்.

நான் மீசையை முறுக்கிக்கொண்டு கொட்டகையைச் சுற்றிப் பார்த்தேன். குப்பன் தலையைச் சொறிந்தான்.

"அண்ணாத்தே, வண்டியை இன்னா பண்ணுவ?"

ஸ்டேஷன் ரோட்டில் ஷிப்டு முடிந்த கூட்டம் எதிரே வந்துகொண்டிருந்தது. நான் ஏர்க்கால்களுக்கு நடுவே நுழைந்து தலையைக் குனிந்தபடி வண்டியை இழுத்துப் போனேன். எங்கள் லைனில் குடியிருக்கிற ஒருத்தன் வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

"இன்னாபா இது? குதிரை எங்க?"

"நல்ல வெலைக்குப் போச்சி" என்றேன்.