நிலை குலையாத தெர்மாமீட்டர்

ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் தெர்மாமீட்டர்களைச் சோதித்துச் சான்றிதழ் வழங்குவது அந்த அலுவலகத்தின் திருப்பணி. சோதிக்கும் அம்மாள் ஒவ்வொன்றையும் காய்ச்சல் அளவுக்குச் சூடாக்கிய தண்ணீரில் பத்துத் தடவை முக்கி எடுப்பாள். பிறகு, 'அரை டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம்' என்று எழுதுவாள். புது இயக்குநர் வரும்வரை அதனால் யாருக்கும் தொந்தரவில்லை.

"இதென்னம்மா 'இருக்கலாம்'? அரசாங்க ஆவணத்துல 'லாம்' வரலாமா?"

"எந்தக் கருவியும் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும் சார். எவ்வளவுன்னு சொல்லிட்டா டாக்டர் அதுக்குத் தகுந்த மாதிரி பார்த்துப்பார்."

"பத்துத் தடவையும் ஒரே எண் காட்டுற கருவி வேணும். அதுக்குத்தான் இனி சான்றிதழ்."

அப்படி ஒன்றை அவரே கண்டுபிடித்தார், குப்பைக்கூடையில். வெந்நீரில் தொண்ணூற்றெட்டரை. ஐஸ் தண்ணீரில் தொண்ணூற்றெட்டரை. மேசைமேல் சும்மா கிடந்தாலும் தொண்ணூற்றெட்டரை.

"சார், அது பழுது! எண் சிக்கிக்கிச்சு!"

"பழுதா? எந்தச் சூழ்நிலையிலும் நிலை குலையாத கருவிம்மா இது! நம்ம அலுவலகத்துல இப்படி ஒரு ஆள் உண்டா?"

அன்று மாலையே அவள் பெயருக்கு ஒரு மாற்றல் உத்தரவு, இயக்குநரின் கையெழுத்து மட்டும் பாக்கியாக, அவள் மேசைக்கு வந்து சேர்ந்தது. மகளின் பள்ளிக்கூடத்தை நினைத்தாள், வீட்டுக்காரரின் வேலையை நினைத்தாள். சான்றிதழில் 'பிழை: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

எல்லா ஆஸ்பத்திரிக்கும் அதே ரகம் போயிற்று. நாட்டில் காய்ச்சல் அடியோடு ஒழிந்தது. இயக்குநருக்குப் பாராட்டு விழா நடந்தது. அம்மாள்தான் மாலையை எடுத்துக் கொடுத்தாள்.

மழைக்காலத்தில் அவள் மகளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டர் குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தார்.

"தொண்ணூற்றெட்டரை. காய்ச்சல் இல்லை."

"தொட்டுப் பாருங்க டாக்டர், நெருப்பாச் சுடுது!"

"சுடுதுன்னு யார் சொன்னது?"

"என் கை சொல்லுது! இந்தத் தெர்மாமீட்டர் சுத்தப் பழுது. இதைச் சோதிச்சதே நான்தான்!"

டாக்டர் சான்றிதழை எடுத்து நிதானமாகப் படித்தார். "பிழை இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கருவிக்குச் சான்றிதழ் இருக்கு. உங்க கைக்கு இருக்கா?"

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். பின்னால் நீளமான வரிசை. பிள்ளைகளின் நெற்றியில் கைவைத்தபடி நின்றிருந்த பெற்றவர்கள் அத்தனை பேரும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மெதுவாகக் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள்.