சத்தமில்லாத சவளக்கடை பஸ்

"உள்ளே வாருங்கள். தங்கள் வரவு நல்வரவு!"

கதவு திறந்ததும் பஸ் தானாகப் பேசியது. ஏறியது சாரதி அச்சிமுகம்மது மட்டும்தான்.

"வந்துட்டன், வந்துட்டன்" என்றார் அவர். காலையிலிருந்து அவரோடு கதைத்த ஒரே ஆள் அந்தக் கதவுதான்.

கல்முனையிலிருந்து சவளக்கடைக்குப் பரீட்சார்த்தமாக ஓடவிட்ட மின்சார பஸ் அது. புகையில்லை, சத்தமில்லை, நடத்துநரில்லை. பயணிகளும் இல்லை.

"வியாழக்கிழமைக்குள்ள ஆக்கள் ஏறல்லெண்டா பஸ்ஸ வேற ஊருக்கு அனுப்பிருவம்" என்று மேலதிகாரி பாக்கியராசா சொல்லிவிட்டார்.

அனுப்பினால் அச்சிமுகம்மதுவுக்கு வீடுதான். வீட்டில் யார்? மனைவி சரீபா மௌத்தாகி மண்ணுக்குள். மகள் கட்டாரில். டீசல் பஸ் ஓட்டிய காலத்தில் கல்முனைத் தரிப்பிடத்துத் தேநீர்க்கடையிலிருந்து ஆட்கள் 'காக்கா, காக்கா' என்று அண்ணன் முறை கொண்டாடி விழுந்தடித்து ஓடிவந்து ஏறுவார்கள். ஊர்ச் சண்டை, கல்யாணப் பேச்சு எல்லாம் அவர் இருக்கைக்குப் பின்னால்தான் நடக்கும். இப்போதும் அதே ஆட்கள், அதே கடை. அங்கிருந்தபடியே அவரைப் பார்க்கிறார்கள். ஒருவரும் அசைவதில்லை.

பஸ் நிற்பது தெரியவில்லையோ என்று ஹோர்னை அழுத்தினார். பக்கத்துப் பள்ளிக்கூட அதிபர் கையில் வினாத்தாளோடு வீதிக்கே வந்துவிட்டார்.

"சோதனை நடக்குது காக்கா! புள்ளைகள்ள இரக்கமில்லையா?"

மறுநாள் ஒலிபெருக்கியில் மெல்லிசை போட்டார். சவளக்கடையில் வீட்டுக்கு வீடு கேற் திறந்தது. அச்சிமுகம்மதுவுக்குக் கண் கலங்கியது. முதலில் ஓடிவந்தவள் சுல்பிகா.

"காக்கா, பாண் ஒண்டு, சீனி பணிஸ் நாலு!"

"இது பஸ், புள்ள."

"அப்ப என்னத்துக்குப் பாண்காரன்ட பாட்டப் போட்டீங்க?"

"சும்மாவெண்டாலும் ஏறு புள்ள. கதைச்சிக்கிட்டுப் போகலாம்."

"அடுப்பில கறி கிடக்கு காக்கா."

அதற்குள், பாட்டுப் போட்டபடி வீதி வீதியாகப் பாணும் பணிஸும் விற்கும் ஆட்டோக்கார அஸ்கி வந்து பஸ்ஸை மறித்தான். "என்ட வயித்திலயா அடிக்கிறீங்க?"

அவனைச் சமாதானப்படுத்த, பணிஸ் தட்டுகளோடு பஸ்ஸுக்குள் ஏற்றிக்கொண்டார். பஸ் நிறைந்தது! முன்கதவால் ஏறினார்கள். பணிஸ் வாங்கினார்கள். பின்கதவால் இறங்கிப் போனார்கள். "உள்ளே வாருங்கள்" சொல்லிச் சொல்லி பஸ்ஸுக்கே தொண்டை கட்டிவிட்டது.

பாக்கியராசா வந்து பார்த்தார். ஒரு பணிஸை வாங்கிக் கடித்தார்.

"நல்ல பேக்கரி. நாளைக்குச் சாவியத் தந்திருங்க."

வியாழக்கிழமை. கடைசி ஓட்டம். தேநீர்க்கடையில் அதே முகங்கள். அச்சிமுகம்மது பஸ்ஸை விட்டிறங்கி நேரே உள்ளே போனார்.

"நான் உங்களுக்கு என்னடா செஞ்ச? ஒருத்தனாவது ஏறக்கூடாதா?"

பழைய பயணி செல்லத்தம்பி பிளேன்டீயைக் கீழே வைத்தார்.

"ஏறத்தானே காக்கா ஒவ்வொரு நாளும் காத்துக்கிட்டு இரிக்கம்! நீங்க வெறும் பஸ்ஸோட போறத்தக் கண்டு, கராஜுக்காக்கும் எண்டு பின்னால வாற டீசல்ல போறம்."

"கண்ணுக்கு முன்னாலதானே நிக்கிது! வந்து ஏறுறதுக்கென்ன?"

"எப்பிடிக் காக்கா ஏற? ஒரு நாளாவது இஞ்சின ஸ்டாட் பண்ணினீங்களா?"