சாரங்கபாணி அடுக்கிய கல்வட்டம்

கண்டுபிடிப்பாளர் என்றொரு இனம் உண்டு. ஊரார் பரம்பரையாக அறிந்த ஒன்றைக் கண்டுபிடிப்பது இவர் வேலை. பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். தோளில் துணிப்பை, பைக்குள் பூதக்கண்ணாடி, பெயின்ட் பிரஷ், தன் பெயர் வந்த பத்திரிகைத் துண்டின் நகல்கள் நான்கு. காய்கறி வாங்கப் போனாலும் இவருக்கு அது கள ஆய்வுதான். கல்லைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கி “மூவாயிரம் வருஷம்” என்பார். சின்னக் கல்லாக இருந்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு.

உங்கள் ஊரில் யாரோ? பாபநாசத்தில் சாரங்கபாணி.

வல்லத்துக்கு அப்பால் செம்மண் மேட்டில் ஒரு கல்வட்டம் இருந்தது. என்றோ இறந்தவரைத் தாழியில் வைத்துப் புதைத்து, மேலே கல் குவித்து, சுற்றிலும் பாறைகளை நட்ட இடம். காத்தாயி அங்கே ஆடு மேய்க்கிறாள். வாய்க்காலில் தண்ணீர் வந்து சுற்றிலும் நடவு முடிந்துவிட்டால், அவளுடைய ஆடுகள் கால் வைக்க அந்த மேடு ஒன்றுதான். கிராவல் மண் எடுக்க வந்த பொக்லைன் அதில் பாதியைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. தொல்லியல் அலுவலர் பார்த்து எழுதினால் தோண்டுவது நிற்கும், மேடு தப்பும் என்று யாரோ சொல்ல, அவள் சாரங்கபாணிக்குச் சொல்லியனுப்பினாள். அவரும் மனு போட்டார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

அலுவலர் வருவதற்கு முதல்நாள் சாரங்கபாணி வந்து இறங்கினார். கல்வட்டம் கிடந்த கோலம் அவருக்குப் பொறுக்கவில்லை. பெண் பார்க்க வருகிறார்கள், வீட்டை இப்படியா போட்டு வைப்பது? கடப்பாரை வரவழைத்து, வயலில் நின்ற நான்கு பேரைக் கூப்பிட்டு, சாய்ந்ததை நிமிர்த்தி, உருண்டதை உருட்டி வந்து, கயிறு பிடித்து வட்டமாக்கி, ஒரு கல் குறைகிறதே என்று வரப்போரத்திலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து நட்டு, தாழி ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, பொக்லைன் பல் பதிந்த தடத்தையெல்லாம் விளக்குமாற்றால் கூட்டிவிட்டார்.

“அது அங்க இல்லைங்களே” என்றாள் காத்தாயி.

“நீ ஆட்டைப் பாரும்மா. இது சயின்ஸ்.”

மறுநாள் அலுவலர் ஷமீரா வந்தார். ஒருமுறை சுற்றி வந்தார். மறுபடியும் சுற்றினார். சாரங்கபாணி பாராட்டை வாங்கிக்கொள்ளத் தலையை லேசாகச் சாய்த்து நின்றார்.

“இதுல எதுங்க சார் உடைஞ்சிருக்கு?”

“சரி பண்ணிட்டேன் மேடம்.”

“அப்ப நான் எதைப் பார்த்து எழுதுறது? எல்லாம் நேத்து நட்ட மாதிரி இருக்கே.”

நேற்று நட்டதுதான்.

காத்தாயி ஆடுகளை விட்டுவிட்டு வந்தாள். கம்பால் தரையைத் தொட்டுக்கொண்டே முன்னால் நடந்தாள். உயரமான கல் நின்றது இங்கே. காலை வெயில் ஏறினால் சினையாடுகள் அதன் நிழலில்தான் படுக்கும். பலகைக்கல் நின்றது அந்தக் கோடியில். கிடா உரசி உரசி ஒரு பக்கம் வழவழத்திருக்கும். ஷமீரா அந்தக் கல்லைத் தேடித் தடவிப் பார்த்தார். வழவழத்தது. கம்பு ஊன்றிய இடத்தில் கிளறினால் கல் நின்ற குழி தெரிந்தது. வரப்போரத்துக் கல்லுக்கு வந்தபோது காத்தாயி நின்றாள்.

“இதை எங்க ஆடு பார்த்ததே இல்லைங்க.”

ஷமீரா எழுதினார். முதல் வரியே, ஆய்வு முடியும்வரை தோண்டக் கூடாது என்பது. சாரங்கபாணிக்கு அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கும் வேலை கிடைத்தது. நன்றாகவே பிடித்தார்.

பாவம், நல்ல மனுஷர். நீங்கள் அப்படியில்லை, தெரியும். ஆனால் படித்துக்கொண்டு வருகையில், ‘நானாக இருந்தால் அந்தக் கற்களை இன்னும் கொஞ்சம் சரியாக அடுக்கியிருப்பேன்’ என்று எங்காவது தோன்றியிருந்தால், தயவுசெய்து வல்லம் பக்கம் வந்துவிடாதீர்கள்.