மூன்று பட்டை, ஆறு லைட்டு, பன்னிரண்டு வட்டலப்பம்

எனக்கு ஓரிடத்தில் சும்மா இருக்க வராது. நாற்பதை நெருங்கும் வயதில் இதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை, ஊருக்கே தெரிந்ததுதான். தொழுகை இருப்பில்கூட என் கால் பெருவிரல் தன்பாட்டுக்கு ஆடும். (ஸலாம் கொடுத்ததும் பக்கத்து ஆள் முதலில் என் காலைத்தான் பார்ப்பார்.) நன்றாக ஓடுகிற மின்விசிறியைக் கண்டால் கழற்றிப் பார்க்கத் தோன்றும். கெட்டுப்போன பொருளை நான் தொடுவதே இல்லை. நல்ல பொருள்தான் என்னிடம் தப்பாது.

அப்படித் தப்பாமல் போனதுதான் என் பிக்கப் வண்டி. சவுதியில், தம்மாமில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு எங்கள் ஊர் புதுமடத்துக்குத் திரும்பியதும், மீனை ஐஸ் போட்டு ராமநாதபுரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக அதை வாங்கினேன். பழைய வண்டி. ஆனால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏற்றினால் ஏறும், நிறுத்தினால் நிற்கும். நான்கு மாதம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எதை மாற்றுவது என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் என் தங்கை ஜெரினாவுக்குத் தேவிபட்டினத்தில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணம் எங்கள் ஊரில். அன்று மாலையே பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விடுவாள். மறுநாள் விடிந்ததும் அந்த வீட்டாருக்குப் பசியாற, அதாவது காலைச் சாப்பாட்டுக்கு, பெண் வீட்டிலிருந்து எல்லாம் ஏனம் ஏனமாக, மூடிபோட்ட பாத்திரங்களில், போக வேண்டும். இடியாப்பம், அதற்கு ஊற்றிக்கொள்ளக் கறி ஆணம் என்கிற குழம்பு, எல்லாவற்றுக்கும் மேலாக வட்டலப்பம். முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கலந்து ஆவியில் வேகவைப்பது. வெட்டி எடுத்தால் துண்டின் ஓரம் கூராக நிற்க வேண்டும். அதில்தான் பெண் வீட்டின் மானமே இருக்கிறது.

உம்மா வாடகைக்கு ஒரு வேன் பிடிக்கலாம் என்றார். நான் விடவில்லை.

"வீட்டுல வண்டிய வச்சுக்கிட்டு வாடகைக்குப் பிடிக்கிறதா? நான் கொண்டு போறேன்மா."

சொல்லி முடித்த நொடியிலேயே வண்டியில் எதை மாற்றுவது என்று தெரிந்துவிட்டது. கல்யாணத்துக்குப் போகிற வண்டி, கம்பீரமாகப் போக வேண்டாமா?

ராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருந்த செல்வம் அண்ணன் அபிராமத்துக்காரர். நிதானமான மனிதர். ஒரு நட்டைத் திருகுவதற்கு முன் அதை இரண்டு நிமிடம் பார்ப்பார். எனக்கு அதைப் பார்க்கவே மூச்சு முட்டும். வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"தம்பி, வண்டியில என்னத்த ஏத்துவீக?"

"எல்லாந்தாண்ணே."

"எல்லாமுன்னா? எம்புட்டு எடை?"

"எம்புட்டு ஏத்துனாலும் தாங்கணும்ணே."

"ஷாக் அப்சர்பர் மட்டும் தேஞ்சிருக்கு. அத மாத்தினாலே வண்டி மெத்துன்னு போகும். பட்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

பட்டை என்பது பின்சக்கரத்துக்கு மேலே அடுக்கி வைத்திருக்கும் இரும்புத் தகடுகள். வண்டியின் கனத்தைத் தாங்குவது அதுதான். 'மெத்து' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. தம்மாமில் பாலைவனத்துக்குள் போகிற வண்டிகள் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவன் நான். (அவற்றில் ஒன்றையும் நான் ஓட்டியதில்லை. ஒரு மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் இருந்தேன்.)

"ஷாக்கு கெடக்கட்டும்ணே. பக்கத்துக்கு மூணு பட்டை கூடச் சேருங்க."

"மூணா? தம்பி, ரெண்டு டன்னு ஏத்துனாத்தான் அது உக்காரும். சும்மா போனீகன்னா தூக்கித் தூக்கி அடிக்கும்."

"பரவால்லண்ணே."

லைட்டிலும் இதே கதைதான். பம்பரில் இரண்டு போதும் என்றார். எனக்குக் கூரைமேல் வரிசையாக ஆறு வேண்டும். போலீஸ் பார்த்தால் கழற்றச் சொல்வார்கள் என்றார். கல்யாண வண்டி என்று சொல்லிக்கொள்வேன் என்றேன். எல்லாம் முடிந்ததும் அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"லோடு ஏத்திக்கிட்டு ஒரு நா வாங்க. வண்டி உக்காந்த பெறகுதான் லைட்ட மட்டம் பாக்கணும். இப்பப் பாத்தா சரி வராது."

நான் அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தேன்.

மாலையில் வீட்டு மதில் முன்னால் நிறுத்தி லைட்டைப் போட்டேன். பின்பக்கம் தூக்கி மூக்கு தாழ்ந்து நின்றதால், வெளிச்சம் முழுவதும் முன்சக்கரத்துக்கு நாலு அடி தள்ளித் தரையில் விழுந்து கிடந்தது. எறும்பு போவது தெரிந்தது. திருப்புளியை எடுத்து ஆறு லைட்டையும் மேலே தூக்கினேன். பழைய ஹெட்லைட் இரண்டையும் விடவில்லை. வெளிச்சம் மதிலின் நடுவில் வந்து அழகாக நின்றது. செல்வம் அண்ணன் ஒரு நாள் எடுக்கும் வேலையைக் கால் மணி நேரத்தில் முடித்த பெருமையில் டீ குடித்தேன்.

வெறும் வண்டியில் வாப்பாவை ஏற்றிக்கொண்டு உச்சிப்புளிவரை போய் வந்தேன். முதல் பள்ளத்திலேயே அவர் தலை கூரையில் இடித்தது.

"ஏலே, இது வண்டியா வல்லமா? கச்சான் காத்துல கடலுக்குப் போனாக்கூட இந்த ஆட்டம் ஆடாதுலே!"

"எடை இல்ல வாப்பா. எடை இருந்தா உக்காந்துரும்."

"அப்ப எடைக்கு எங்கன போவ?"

நல்ல கேள்வி. கல்யாண வேலைக்கு நடுவில் அதை யோசித்தபடியே அலைந்தேன். மணல் மூட்டை போடலாம் என்றேன். சாப்பாட்டுப் பக்கத்தில் மண்ணா என்று உம்மா கரண்டியோடு வந்தார். கல்யாணத்தன்று மாலை ஜெரினா கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்.)

"காக்கா, அந்த வீட்டுல எனக்கு முன்னாடி ரெண்டு மருமக இருக்காக. மூத்தவுக வீட்டுல இருந்து வந்த வட்டலப்பத்த மாமி இன்னும் சொல்லிச் சொல்லிக் காட்டுறாகளாம். நம்ம ஏனம் நல்லபடியா வந்துரணும். வேற எதுவும் கேக்கல."

"நான் இருக்கேன்ல," என்றேன். அவள் முகத்தில் கவலை கூடியதாகத்தான் தெரிந்தது.

எடைக்கு வழி அந்த இரவு பந்தியில் கிடைத்தது. சாப்பாட்டு ஏனங்களோடு குடும்பத்து ஆண்கள் நாலைந்து பேர் போய்ச் சேர்க்க வேண்டும் என்பது வழக்கம். வயதுக்கு மூத்தவர்களாகப் பார்த்து அனுப்புவார்கள். நான் மட்டும், யார் இரண்டாம் முறை சோறு வாங்குகிறார்கள் என்று பார்த்து அழைத்தேன். உம்மாவின் தம்பி சுல்தான் மாமா, வாப்பாவின் தம்பி ஹமீது சாச்சா, இன்னும் மூன்று பேர். ஐவரும் சேர்ந்து வண்டியில் ஏறினால் எந்தப் பட்டையும் பணிந்துபோகும் என்று நம்பினேன். ஒல்லியாக இருந்த பெரிய வாப்பாவை விட்டுவிட்டேன்.

"வயசுக்கு மரியாத போயி எடைக்கு மரியாதையா?" என்று அவர் கோபித்துக்கொண்டு படுத்துவிட்டார். (அவர்தான் அன்று பிழைத்தவர்.)

அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் கிளம்பினோம். மழைமேகம் போட்டு நன்றாக இருட்டியிருந்தது. வண்டித் தளத்தில் மெத்தை விரித்து, பதினோரு ஏனம் வட்டலப்பத்தை வைத்தோம். பன்னிரண்டாவதை சுல்தான் மாமா தன் மடியில் வைத்துக்கொண்டார். "இது எங்க அக்கா கையால வச்சது, கீழ வைக்க மாட்டேன்" என்றார். அவர் வயிறு அதைப் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்தது.

கணக்கு எங்கே பிசகியது என்று இப்போது சொல்கிறேன். ஐவரும் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான். துள்ளல் நிற்கும் அளவுக்கு என் மாமா சாச்சாக்கள் போதவில்லை. ஆனால் மூக்கு நிமிரும் அளவுக்குப் போதுமானவர்களாக இருந்தார்கள். நான் வெறும் வண்டியில் மேலே தூக்கி வைத்த எட்டு லைட்டும் அப்படியே வானத்தைப் பார்த்தன.

சாலை தெரியவில்லை. பனைமரத்து உச்சி தெரிந்தது. அதில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடுவரை துல்லியமாகத் தெரிந்தது. காகங்கள் விடிந்துவிட்டதென்று எழுந்து கத்தின. எதிரே வந்த பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தித் தலையை நீட்டினார்.

"ஏய்யா, ஆகாசத்துல யாரத் தேடுற?"

இறங்கி லைட்டைச் சரிசெய்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. அல்லது விடியும்வரை ஓரமாக நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவது என்பதுதான் எனக்கு வராதே. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, சாலை இங்கேதான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையில் ராமநாதபுரத்தைத் தாண்டித் தேவிபட்டினம் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் "யா அல்லாஹ்" என்று ஐந்து குரல் கேட்டது.

பள்ளிக்கூடம் ஒன்றின் முன்னால் வேகத்தடை இருந்தது. பள்ளிக்கூடத்தின் மாடி, கொடிக்கம்பம், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பார்த்தேன். வேகத்தடையை மட்டும் பார்க்கவில்லை.

வண்டி ஏறியது. ஏறி, இறங்காமல் கொஞ்ச நேரம் இருந்தது. பின்னால் யாரும் அல்லாஹ்வைக்கூடக் கூப்பிடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக இறங்கின. ஹமீது சாச்சா உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்பி வேறொரு மாமாவின் இடத்தில் உட்கார்ந்தார். கறி ஆணம் அவருடைய வெள்ளை வேட்டியில் பாதியைப் பிடித்துக்கொண்டது. இறங்கி ஓடிப்போய் ஒவ்வொரு மூடியாகத் திறந்தேன். பதினொன்றிலும் வட்டலப்பம் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. சுல்தான் மாமா மட்டும் கண்ணை மூடி, மடியிலிருந்த ஏனத்தைக் கட்டிப் பிடித்தபடி இருந்தார். அதைத் திறந்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அவ்வளவு பட்டையில் வேலை செய்தது அவர் வயிறு ஒன்றுதான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே வந்தது. தங்கை ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்.

தேவிபட்டினத்தில் மாப்பிள்ளை வீட்டார் வாசலிலேயே காத்திருந்தார்கள். மாமியாரம்மா வந்து முதல் மூடியைத் திறந்தார். இரண்டாவதைத் திறந்தார். அவருக்குப் பின்னால் மூத்த மருமகள் கழுத்தை நீட்டிப் பார்த்தார், உதட்டோரத்தில் சிரிப்பு ஆரம்பித்திருந்தது. ஜெரினா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து ஏனத்தைப் பார்த்தாள். ஹமீது சாச்சாவின் வேட்டியைப் பார்த்தாள். கூரைமேலிருந்த ஆறு லைட்டைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

பிறகு ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "மாமி, எங்க ஊருல மொதப் பசியாறலுக்கு வட்டலப்பத்துல கத்தி வைக்க மாட்டாக. புதுசாக் கூடுற குடும்பம், வெட்டக் கூடாதுன்னு உதுத்துத்தான் குடுத்து விடுவாக."

"அப்படியா?" மாமி என்னோடு வந்த பெரிய மனிதர்களைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான், ஊரிலிருந்து மடியில் சுமந்து காப்பாற்றிய முழு வட்டலப்பத்தோடு சுல்தான் மாமா வண்டியிலிருந்து இறங்கினார். மூடியும் திறந்திருந்தது. எல்லோர் கண்ணும் அதன்மேல் போனது. மாமா ஜெரினாவின் முகத்தை ஒரு நொடி பார்த்தார். வலக்கையின் ஐந்து விரலையும் அதற்குள் விட்டுப் பிசைந்தார்.

"பிஸ்மில்லாஹ்! இத மட்டும் சம்பந்தி வீட்டு வாசல்ல வச்சு உதுக்கணும். அதுதான் மொற."

"மாஷா அல்லாஹ்," என்றார் மாமி. மூத்த மருமகளின் சிரிப்பு பாதியில் நின்றது.

மறுவாரமே பட்டைகளையும் லைட்டுகளையும் கழற்றச் செல்வம் அண்ணனிடம் போனேன். அவர் ஏற்கெனவே புது ஷாக் அப்சர்பரைப் பொட்டலத்தோடு எடுத்து வைத்திருந்தார்.

ஆனால் சொன்ன பொய்யைக் கழற்ற எந்தப் பட்டறையும் இல்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் வட்டலப்பத்தில் கத்தி படுவதில்லை. அவர்களைப் பார்த்துத் தெருவே உதிர்க்க ஆரம்பித்துவிட்டது. போன வருடம் எங்கள் தெருவுக்கே தேவிபட்டினத்திலிருந்து பெண் எடுத்தார்கள். மறுநாள் காலை அந்த வீட்டுக்கு வந்த ஏனங்களை, ஒத்தாசைக்கு என்னோடு போயிருந்த உம்மா திறந்தார். எல்லாம் பொடி. "உங்க ஊரு மொறையிலயே செஞ்சிருக்கோம்" என்று கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். உம்மா மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

இப்போதும் தங்கை வீட்டுக்குப் போனால் மாமி எனக்குத் தன் கையாலேயே வட்டலப்பத்தை உதிர்த்து வைப்பார். போன பெருநாளிலும் வைத்தார்.

"உங்க ஊரு ஆளுகள நெனச்சா ஆச்சரியமா இருக்கு தம்பி," என்றார். "எவ்வளவு நிதானமா யோசிச்சு ஒரு வழக்கத்த வச்சிருக்காக!"

கதவுக்குப் பின்னால் ஜெரினா முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வது தெரிந்தது. நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன். பாய்மேல் என் கால் பெருவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.