வேர்க்காத மனிதர்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலேயே வெயிலுக்குப் பயப்படாத ஒரே மனிதர் பாய்லர்தான். "அதுதான்பா என்னைப் பாத்தா ஒதுங்கிப் போவும்" என்பார். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் வீட்டு வரிசையில் யாருக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை.

கம்பி உருட்டும் ஆலையில் முப்பது வருஷம் உலைக்கு முன்னால் நின்றவர். உலை வேறு, பாய்லர் வேறு. பட்டப்பெயர் வைக்கிறவர்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். குடியிருந்தது எட்டு வீடுகள் கொண்ட ஒரு லைன் வீட்டில். எனக்கு இரண்டாவது வீடு. மேற்கு வெயிலை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் எட்டாவது வீடு பாய்லருக்கு. எல்லாவற்றுக்கும் மேலே சிமென்ட் ஷீட். ஜன்னலைத் திறந்தால் ஆலைக் கரி சோற்றில் விழும். மூடினால் சோற்றுக்குப் பதில் நாம் வேகலாம். பழவேற்காட்டுப் பக்கத்து ஈரக்காற்றில், உள்ளே காயப்போட்ட பனியன் இரண்டு நாளானாலும் காயாது.

மனைவியை இழந்து, எழுபதைத் தாண்டி, அந்த அடுப்புக்குள் தனியாக இருந்தார். மகள் மல்லிகா திருநின்றவூரிலிருந்து ஒரு டேபிள் ஃபேன் கொண்டுவந்து வைத்தாள். அவள் ரயில் ஏறுவதற்குள் அதன் தலையில் சட்டையை மாட்டிவிட்டார். "ஃபேன் காத்து முட்டிக்குள்ள பூந்துக்கினா அப்பால வெளிய வராதுபா. சட்ட மாட்டத்தான் நல்லாகீது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்களுக்கு ஒரு விளையாட்டு. பாய்லர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு யார் அதிக நேரம் உட்காருவது? அதை ஆரம்பித்தவன் நான். பக்கத்து வீட்டு குணா, தினமும் தண்டால் எடுப்பவன், நாலாவது நிமிஷம் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். பாய்லர் வாசல் வரை வந்து, "இன்னாபா, இதுக்கே பேஜாராயிட்ட? டீ போட்லாம்னு இருந்தேன்" என்றார். பிறகு கையை நீட்டினார். "தொட்டுப் பாரு. ஒரு சொட்டு வேர்வ கீதா?" வரிசையாகத் தொட்டுப் பார்த்தோம். உலர்ந்த கை. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போய்த் தொடச் சொன்னோம். ஏதோ கோயில் யானையைக் காட்டுவதுபோல.

அந்தக் கையைத் தொட்டுச் சிரிக்காத ஒரே ஆள் சரளா சிஸ்டர். மாதம் ஒருமுறை பிரஷர் பார்க்க வரும் கிராம நர்ஸ்.

"வயசானா தாகமே தெரியாது நைனா. தாகம் எடுக்கலைன்னாலும் தண்ணி குடிச்சிக்கினே இருக்கணும். ஃபேனைப் போடு, ஜன்னலத் தெற."

"தாகம் இல்லாம குடிக்கறதுக்கு நான் இன்னா கார் ரேடியேட்டரா?"

நாங்கள் கைதட்டினோம். சிஸ்டர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

ஒரு மே மாதம். மூன்று நாள் கொளுத்திவிட்டு, அன்று காலையில் கொஞ்சம் தூறி நின்றது. தரையிலிருந்து ஆவி கிளம்பியது. மத்தியானம் கரண்ட் இல்லை. வேப்பமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தோம். எட்டாவது வீட்டுக் கதவு திறந்தது. பாய்லர், ஆலையில் போட்டிருந்த பழைய காக்கிச் சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஷிஃப்ட் பஸ்ஸு வந்துச்சாபா?"

சிரிப்பில் மரத்தடியே அதிர்ந்தது. இதுவரை செய்ததிலேயே உயர்ந்த நகைச்சுவை இதுதான் என்று நினைத்தோம். "வந்துக்கினே இருக்குது நைனா! ரெடியா உக்காரு" என்று கத்தினேன். நான்தான் கத்தினேன். அவர் தலையாட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு மணி நேரம் கழித்து, பிரஷர் பார்க்க வந்த சரளா சிஸ்டரின் குரல் எட்டாவது வீட்டிலிருந்து கேட்டது. "யோவ், யாராவது வாங்கய்யா!"

ஓடினோம். பாய்லர் பெஞ்சுக்குக் கீழே கிடந்தார். அப்போதும் தொட்டேன். தோசைக்கல். வீட்டில் இருந்த குடத்துத் தண்ணீரையெல்லாம் சிஸ்டர் அவர்மேல் கவிழ்த்தாள். ஈரத்துணியைப் போர்த்தி, அட்டையால் விசிறிக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினோம்.

ஆஸ்பத்திரி டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். "இது காய்ச்சல் இல்ல. வீட்டுக்குள்ள இருந்த சூடு. வயசானவங்களுக்கு வேர்க்கறது கொறஞ்சிடும். இந்தப் புழுக்கத்துல அப்படியே வேர்த்தாலும் காயாது, ஒடம்பு ஆறாது. மொதல்ல பேச்சு குழம்பியிருக்கும், அப்பவே தூக்கிட்டு வந்திருக்கணும். யாரும் பாக்கலையா?"

"பாத்தோம் சார்" என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கண் விழித்தார். தண்ணீர் கொடுத்தேன். ஒரு டம்ளர், இரண்டு, மூன்று. இவ்வளவு குடிக்கிறவர் வீட்டில் ஏன் குடிக்கவில்லை என்று மல்லிகா அழுதுகொண்டே கேட்டாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "குடிச்சா போவணுமேம்மா. கக்கூஸு அந்தக் கோடில கீது. இந்த முட்டிய வெச்சிக்கினு நாலு வாட்டி எப்டி நடப்பேன்? பொம்பளப் புள்ளைங்க இருக்கற எடம். வாசல்ல போவ முடியுமா?"

அத்தனை வருஷத்து வீரமும் அவ்வளவுதான். எட்டு வீட்டுத் தூரம். முதல் வீட்டுப் பக்கம் இருந்த பொதுக் கக்கூஸுக்கு என் கதவைத் தாண்டித்தான் தினமும் சுவரைப் பிடித்துக்கொண்டு போவார். பார்த்திருக்கிறேன். அதை நடித்துக்காட்டியும் சிரிக்க வைத்திருக்கிறேன். வீட்டுக்காரரிடம் போய், எட்டாவது வீட்டுக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் கட்டச் சொல்ல எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. கை தொட்டுப் பார்க்க மட்டும் நேரம் இருந்தது.

மல்லிகா அவரைத் திருநின்றவூருக்கே அழைத்துப்போனாள். சிறுநீரகம் பாதி கெட்டுவிட்டது, நினைவும் விட்டுவிட்டு வரும் என்றார்கள். எட்டாவது வீட்டுக்குப் பத்து நாளில் வேறு ஆள் வந்தார். அவரும் வயதானவர். போட்டி எதுவும் நடக்கவில்லை. அதற்காக யாரும் எங்களைப் பாராட்ட வேண்டாம்.

ஆடி மாதத்தில் ஒருநாள் மன்னிப்புக் கேட்கத் திருநின்றவூருக்குப் போனேன். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போனேன். மாடி வீடு. ஃபேன் ஓடியது. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் நெடுநேரம் என்னைப் பார்த்தார். நான் யாரென்று தெரியவில்லை. எதற்காக மன்னிப்புக் கேட்பது?

"வெயில்ல வந்துகீற. சாப்ட்டியாபா?" என்றார்.

ஸ்டேஷனில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். "இல்ல நைனா" என்று சொல்லி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.